உங்களுக்குத் தெரியுமா? தாண்டிக்குடி காப்பியும் நியூயார்க் விலையும்

1990களின் தொடக்கம் வரை, பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியின் தோட்டக்காரர்கள் தங்கள் காப்பிக்கு ஆள் தேடி விற்க முடியாது. வீட்டுக்கும் விதைக்கும் போக, விளைந்ததெல்லாம் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போகும். வாரியமே ஏலம் விடும். விளைவித்தவருக்குப் பணம் தவணை தவணையாக, மெதுவாக வரும். படிப்படியாகத் தளர்ந்த இந்தக் கட்டு 1996இல் முழுதாக அவிழ்ந்தது. சுதந்திரம் வந்தது, கூடவே கடனும்.

இன்று ஏற்றுமதியாளர் வெளிநாட்டு ஆர்டரையோ கடன் உறுதிக் கடிதத்தையோ காட்டி, சரக்கு கப்பலேறும் முன்பே வங்கியில் ‘பேக்கிங் கிரெடிட்’ வாங்கிக் கொட்டையைக் கொள்முதல் செய்யலாம். சரக்கு வாங்கியவர் கைவிரித்தால்? அதற்குத்தான் 1957இல் அரசு தொடங்கிய, இன்று இசிஜிசி எனப்படும் நிறுவனத்தின் காப்பீடு. விலை சரிந்தால் மட்டும் அது உதவாது. பழனி மலையின் அராபிகாவுக்கும் அளவுகோல் நியூயார்க் வாயிதாச் சந்தைதான். அங்கே கணக்கு, பவுண்டுக்கு இத்தனை சென்ட்!