இருபத்தேழில் பதினான்கு

டிசம்பர் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பல உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுக் கூடங்களில் வாளோடு வாள் மோதும் ஓசை கேட்கத் தொடங்கும். அங்கே வாள்வீச்சு குளிர்காலப் பள்ளி விளையாட்டு. கூடைப்பந்தைப் போலவே இதற்கும் பள்ளி அணி உண்டு, பயிற்சியாளர் உண்டு, மாநிலப் பட்டமும் உண்டு.

ஆட்டத்தில் மூன்று வகை வாள்கள். ஃபாயிலில் தலை, கை, கால் நீங்கலாக உடலின் நடுப்பகுதியில் வாள்நுனி பட்டால்தான் புள்ளி. எப்பேயில் உச்சி முதல் பாதம் வரை எங்கே குத்தினாலும் செல்லும். இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்குமே புள்ளி. சேபரில் இலக்கு இடுப்புக்கு மேலே மட்டும். ஆனால் குத்துவதோடு வெட்டவும் செய்யலாம். வேகம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் வாள் பட்டதும் விளக்கு எரியும்படி மின்கருவி பொருத்தியிருக்கிறார்கள். ஃபாயிலிலும் சேபரிலும் இரண்டு விளக்குகளும் எரிந்துவிட்டால், தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்த்து நடுவர் தீர்ப்புச் சொல்வார்.

பார்த்தால் இது ஒண்டிக்கு ஒண்டி ஆட்டம். பள்ளிகள் மோதும்போதுதான் கணக்கே மாறுகிறது.

ஒவ்வொரு வாளுக்கும் மூன்று பேர் வீதம் ஒரு பள்ளிக்கு ஒன்பது பேர். ஒருவர் தன் வாள்வகையில் எதிரணியின் மூவரையும் சந்திக்க வேண்டும். ஆக, வாளுக்கு ஒன்பது ஆட்டங்கள், மொத்தம் 27. முதலில் ஐந்து புள்ளி எடுப்பவருக்கு அந்த ஆட்டம். 14 ஆட்டங்களை வென்ற பள்ளிக்கு வெற்றி. ஒற்றைப்படை எண் என்பதால் சமநிலைக்கு இடமே இல்லை.

இந்த ஏற்பாட்டில் மாநிலத்திலேயே சிறந்த வீரர் அணியில் இருந்தாலும், அவரால் தேடித்தர முடிவது மூன்றே வெற்றிகள். மீதி பதினொன்றை மற்ற எட்டுப் பேர்தான் கொண்டுவர வேண்டும். 5-0 என்று ஊதித்தள்ளினாலும், 5-4 என்று தட்டுத்தடுமாறி வென்றாலும் கணக்கில் அது ஒன்றுதான். அதனால் பயிற்சியாளர்கள் நட்சத்திர வீரரைவிட, ஒவ்வொரு வாளிலும் மூன்றாவது இடத்தில் நிற்பவரைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். 13-13 என்று வந்து நிற்கும்போது, போன ஆண்டுதான் வாளைப் பிடித்த மாணவரின் கையில் முடிவு இருக்கக்கூடும்.

ஒலிம்பிக்கின் அணிப் போட்டி இப்படி நடப்பதில்லை. அங்கே ஒரே வாளில் மூவருக்கு மூவர். ஒன்பது சுற்றுகளிலும் புள்ளி தொடர்ந்து கூடிக்கொண்டே போய், முதலில் 45 எடுக்கும் அணி வெல்கிறது. பின்தங்கிய அணியைக் கடைசிச் சுற்றில் ஒருவரே கரையேற்றிவிடலாம்.

பள்ளிக் களத்திலிருந்து அந்த மேடைக்குப் போனவர்களும் உண்டு. உடலை மூடும் உடையோடு மகள் விளையாட ஏற்ற ஆட்டத்தைத் தேடியது நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம். மகள் இப்திஹாஜ் முகமது, கொலம்பியா உயர்நிலைப் பள்ளி அணியில் எப்பேயில் தொடங்கி, பின்னர் சேபருக்கு மாறினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்து ஆடிய அவர், இத்தாலியை 45-30 என வீழ்த்தி வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். அதே மாநிலத்தின் நியூவர்க் நகரில் வளர்ந்த பீட்டர் வெஸ்ட்புரூக்கை அவருடைய தாய் ஐந்து டாலர் தருவதாக ஆசை காட்டித்தான் வாள்வீச்சுக்கு அனுப்பினார். 1984 ஒலிம்பிக்கில் சேபர் வெண்கலம் வென்ற அவர், 1991-இல் நியூயார்க்கில் சிறுவர்களுக்காகப் பயிற்சி அறக்கட்டளை தொடங்கினார். அங்கே பயின்ற லாரன் ஸ்க்ரக்ஸ், 2024 பாரிஸில் ஃபாயில் அணித் தங்கம் வென்றவர்களுள் ஒருவர்.

சென்னையின் பவானி தேவிக்கும் பள்ளிதான் தொடக்கம். 2004-இல் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்கு வந்தவர், மூங்கில் கழிகளில் பழகி, டோக்கியோவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனையானார். அங்கே தன் முதல் ஆட்டத்தை 15-3 என வென்றார். ஆனால் அவர் தனியாகத்தான் போனார்; இந்திய அணி அங்கே இல்லை.

நியூ ஜெர்சிப் பள்ளிகளில் 14-ஐ எட்டியதோடு மூட்டைகட்டிவிடுவதில்லை. 27 ஆட்டங்களையும் ஆடி முடிக்கிறார்கள். 18-9, 20-7 என்றெல்லாம் முடிவுகள் வருவது அதனால்தான். வெற்றி உறுதியானதும் பயிற்சியாளர் மாற்று வீரர்களை இறக்குவார். அடுத்த ஆண்டின் மூன்றாவது ஆள் யார் என்பது பெரும்பாலும் அந்த ஆட்டங்களில்தான் தெரியவரும்.