மறதியின் சங்கீதம்

கிராமபோன் தட்டின் கரகரப்பைக் குறையென்றே பலரும் கருதுவர். அக்குறையையே தம் சங்கீதத்திற்கு உயிராகக் கொண்டார் ஒருவர். இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரத்தவராகிய ஜேம்ஸ் லேலண்ட் கர்பி என்னும் அவர், 'தி கேர்டேக்கர்', அஃதாவது காவலாளி, என்ற புனைபெயரால் 1999 முதல் 2019 வரை தனியொருவராய் நடத்திய இசைப்பணி வளர்ந்த வகையை ஈண்டு எடுத்துரைப்போம்.

அது 'ஆம்பியன்ட்' என வழங்கும் இசைவகையைச் சார்ந்தது. முன்னின்று நம்மை அழையாமல், அறையின் காற்றைப்போற் சூழ்ந்து நிற்பது. கர்பி 1920, 1930-ஆம் ஆண்டுகளையொட்டிய நடன இசைத்தட்டுகளினின்று சிறு துணுக்குகளை எடுத்து, மின்கருவிகளின் உதவியால் மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, எதிரொலி கூட்டினார். கரகரப்பை மட்டும் களைந்தாரில்லை.

இதன் பிறப்பு ஒரு சினிமாவில். ஸ்டான்லி கூப்ரிக் 1980-இல் வெளியிட்ட 'தி ஷைனிங்' படத்தில், தனித்ததொரு ஹோட்டலின் காவலாளி, இறந்தோர் கூடிக் களிக்கும் நடனசாலையுட் புகுகிறான். கர்பியின் புனைபெயரும் முதல் தொகுதியும் அக்காட்சியின் வழிவந்தவை. ஆயினும் பேய்க்கதையின் சுவை எத்துணை நாள் நிற்கும்? 2005-ஆம் ஆண்டளவில் அவர் கருத்து ஆவிகளை விட்டு மறதியின்பாற் சென்றது. புதியதொன்றை மனத்திற் பதிக்கவொண்ணாத ஞாபகக் குறைவின் பெயரையே தாங்கி, 72 பகுதிகள் கொண்ட தொகுதி வந்தது. 2011-இல் வந்த தொகுதியோ, அல்ஜைமர் வியாதியுற்றோர் பழம்பாட்டை மட்டும் மறவாதிருத்தலைப் பொருளாகக் கொண்டது. அதிற் சில பகுதிகள் சொல் மறந்தவன் பேச்சைப்போல் நடுவிலேயே அறுந்துபோகின்றன.

இறுதிப் படைப்பு 2016 முதல் 2019 வரை, ஏறக்குறைய அரையாண்டுக்கொன்றாக ஆறு பாகங்களாய் வெளிவந்து, ஆறரை மணி நேரம் ஓடுவது. இதிற் கேர்டேக்கர் என்னும் கற்பனை மனிதனுக்கே டிமென்ஷியா கண்டதாகப் பாவித்தார். கர்பியே நோயுற்றாரெனச் சிலர் எண்ணியது பிழை.

தொடக்கத்தில் ஆல் பவ்லி 1931-இற் பாடிய பாடலொன்றின் துணுக்கு தெளிவாய்க் கேட்கிறது. 'தி ஷைனிங்' நடனசாலையில் ஒலிப்பதும் இப்பவ்லியின் குரலே. 1941-இல் லண்டன்மீது வீழ்ந்த குண்டு அவரை மாய்த்தது. மூன்றாம் பாகத்தில் மெட்டுகள் ஒன்றோடொன்று சிக்குகின்றன. நான்காவதிற்குமேல் எஞ்சுவது பெரும்பாலும் இரைச்சலே. அவ்விரைச்சலினூடே பழகியதொரு துணுக்கு மின்னி மறையுங்கால், "இதனை எங்கோ கேட்டோமே" என்று நாம் தடுமாறுகின்றோம். முதற்பாகம் நமக்கே சொந்த ஞாபகமாய்விட்டபடியால், நோயாளியின் முயற்சி நம்முடையதாகின்றது. வியாதியை வர்ணிக்கும் நூல்கள் பலவுள. அதனைச் செய்யவைப்பது அரிது. துன்பத்தை அழகாக்கி விற்றாரென்னும் பழியும் கர்பிக்குப் பொருந்தாதென்பது நம் துணிபு. ஐந்தாம் பாகத்திற் செவிக்கினியது மிகச் சிறிது. 2020-இல் இளைஞர் பலர் முழுவதையும் ஒரே இருப்பிற் கேட்டலைப் பந்தயமாக்கினர். பாகந்தோறும் சில நாள் இடைவிட்டுக் கேட்டலே தக்கது.

ஆறாம் பாகத்தின் இறுதியில் இரைச்சல் திடீரென அகல்கிறது. பாக் இயற்றியதென நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்ட, லூக்கா சுவிசேஷத்தின்படியான பாடுகளின் இசையிலிருந்து ஒரு பாடல், தேய்ந்த தட்டின் வழியே எழுகிறது. அதன்பின் ஒரு நிமிஷம் யாதோர் ஓசையுமில்லை.