பில்லில் ஏறாத வரி

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் – 9

2025 ஏப்ரல் 29 அன்று காலை வாஷிங்டனில் ஒரு செய்தி கிளம்பியது. அமேசான் நிறுவனம் தான் விற்கும் பொருள்களின் விலைக்குப் பக்கத்திலேயே, அதில் புதிய இறக்குமதி வரியின் பங்கு எவ்வளவு என்று காட்டப்போகிறது என்பதுதான் செய்தி. சற்று நேரத்தில் வெள்ளை மாளிகையின் செய்திச் செயலர் கரோலின் லெவிட் நிருபர்கள் முன் வந்து, இது பகைமை கொண்ட அரசியல் செயல் என்று கண்டித்தார். அதிபர் டிரம்ப், அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அன்றைக்கே நிறுவனம் விளக்கம் கொடுத்துவிட்டது. மலிவுப் பொருள்களை விற்கும் ‘ஹால்’ என்ற தனிப் பிரிவில் அப்படியொரு யோசனை இருந்ததாம். அதற்கு ஒப்புதல் தரவில்லை, நடக்கப்போவதும் இல்லை என்றார்கள்.

அரசே போட்ட வரி. அதனால் கஜானா நிறைகிறது என்று அரசே மேடையில் சொல்லிவந்த வரி. அதன் தொகையைப் பொருளுக்குப் பக்கத்தில் எழுதினால் மட்டும் ஏன் இத்தனை பதற்றம்? இந்த வாரம் முழுக்க நாம் பார்க்கப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

நம்மூர் மளிகைக் கடை பில்லை எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி எவ்வளவு என்று கீழே தனியாக இருக்கும். அமெரிக்காவிலும் மாநில விற்பனை வரி பில்லில் தனி வரியாக வரும். இறக்குமதி வரி அப்படியல்ல. கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும், சரக்கை வரவழைத்த அமெரிக்க நிறுவனம் சுங்கத் துறைக்குப் பணம் கட்டிச் சரக்கை வெளியே எடுக்கிறது. கட்டிய பணத்தை அது மொத்த வியாபாரி மேல் ஏற்றலாம், மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரர் மேல் ஏற்றலாம். கொஞ்சத்தை லாபத்தில் குறைத்துக்கொண்டு தாங்கலாம். வெளிநாட்டு உற்பத்தியாளரை நெருக்கித் தள்ளுபடியும் வாங்கலாம். கடைசியில் பொருளை எடுப்பவர் கையில் வரும் பில்லில் ஒரே ஒரு விலைதான் இருக்கும். அதற்குள் வரி எங்கே, லாபம் எங்கே, கப்பல் கூலி எங்கே என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் இந்த வரியைப் பற்றிய விவாதம் முடிவதே இல்லை. வரியைக் கட்டுவது வெளிநாட்டுக்காரன் என்று ஒரு கட்சி சொல்லும். உங்கள் பையிலிருந்துதான் போகிறது என்று இன்னொரு கட்சி சொல்லும். வாக்காளரின் கையில் சாட்சிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. 2018–19இல் டிரம்ப் முதல் முறை ஆட்சியில் போட்ட வரிகளை மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் சுங்கத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் தங்கள் விலையைக் குறைக்கவில்லை; ஏறக்குறைய முழுச் சுமையும் அமெரிக்கர்கள் மேல்தான் விழுந்தது என்பது அவர்கள் கண்டது. மற்ற ஆய்வாளர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

அந்த வரிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

2018 பிப்ரவரி 7 முதல் இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்குத் தனி வரி வந்தது. முதல் ஆண்டில் 12 லட்சம் மெஷின்கள் வரை 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50 சதவீதம். கேட்டு வாங்கியது அமெரிக்க நிறுவனமான வேர்ல்பூல். எதிராளிகள் கொரியாவின் சாம்சங்கும் எல்ஜியும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தனித்தனி நாடுகள் மேல் வரி போட்டபோதெல்லாம் இவ்விரு நிறுவனங்களும் உற்பத்தியை இன்னொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டன. கடையில் விலை பெரிதாக ஏறவில்லை. இம்முறை ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் சேர்த்து வரி என்பதால் ஓடி ஒளிய இடமில்லை.

வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. ஒரு மெஷினுக்கு 86 டாலர். இது எதிர்பார்த்ததுதான். ஆனால், துணி உலர்த்தும் ட்ரையரின் விலையும் 92 டாலர் ஏறியது. ட்ரையருக்கு வரியே கிடையாது! அமெரிக்காவில் இவ்விரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். கடையிலும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆகவே ஏற்றத்தை இரண்டின் மேலும் பங்கிட்டு வைத்தார்கள் தயாரிப்பாளர்கள். உள்நாட்டில் செய்த மெஷின்களின் விலையும் சேர்ந்தே ஏறியது. போட்டிக்காரன் ஏற்றியபின் வேர்ல்பூல் மட்டும் பழைய விலைக்கு விற்க வேண்டிய அவசியம் என்ன?

ஃப்ளேயன், ஹோர்டாச்சு, டின்டெல்நாட் என்ற மூவர் இதைக் கணக்கிட்டார்கள். வாங்குபவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் கூடுதல் செலவு. அரசுக்கு வந்த வரியோ சுமார் 8.2 கோடி டாலர். சாம்சங் தெற்கு கரோலினாவின் நியூபெரியிலும், எல்ஜி டென்னசியின் கிளார்க்ஸ்வில்லிலும் தொழிற்சாலை திறந்தன. மொத்தத்தில் ஏறத்தாழ 1,800 வேலைகள் உருவாயின. கூட்டிக் கழித்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் நுகர்வோர் கொடுத்திருக்கிறார்கள். அந்த 1,800 குடும்பங்களுக்கும் அந்த வேலை பெரிது. அதை அற்பமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு, ஆளுநர் வருவார், படம் வரும். ட்ரையருக்கு 92 டாலர் கூடக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன லட்சக்கணக்கானவர்களுக்கு, தாங்கள் எதற்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது. அரசியலில் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் நான் பெரிய அநீதியாகப் பார்க்கிறேன்.

விலைவாசிக் கோபம் என்றால் என்ன என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் இல்லாத உயரம். அதற்குப் பின் அது தணிந்தது. பைடன் அரசு அதைத் தன் சாதனையாகச் சொன்னது. சொன்னது பொய்யில்லை. ஆனால் பணவீக்கம் தணிவது என்றால் விலை இறங்குவது அல்ல; ஏறுகிற வேகம் குறைவது மட்டுமே. புள்ளிவிவரத் துறை போன வருடம் இதே மாத விலையோடு ஒப்பிடுகிறது. வீட்டுச் செலவைப் பார்ப்பவரோ கொரோனாவுக்கு முன் என்ன கொடுத்தேன் என்பதோடு ஒப்பிடுகிறார். 2024 தேர்தலில் ஜனநாயகக் கட்சி இந்த இரண்டாவது கணக்கில்தான் அடிவாங்கியது. விலையை இறக்குவேன் என்று சொல்லி டிரம்ப் வந்தார்.

வந்தவர் பதவியேற்பு உரையிலேயே ஒரு பழைய பெயரைப் புகழ்ந்தார்: வில்லியம் மெக்கின்லி. வரியால் நாட்டைச் செல்வச் செழிப்பாக்கியவர் என்றார். அலாஸ்காவின் டெனாலி சிகரத்துக்கு மறுபடி மெக்கின்லியின் பெயரையே வைத்தார். அந்த மெக்கின்லியின் கதையை முழுதாகச் சொன்னால்தான் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1890இல் மெக்கின்லி ஒஹையோவிலிருந்து வந்த குடியரசுக் கட்சி உறுப்பினர். நாடாளுமன்றத்தின் வரிக் குழுத் தலைவர். அவர் பெயரால் வந்த சட்டம் இறக்குமதி வரியின் சராசரியை 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அதில் தகரம் பூசிய இரும்புத் தகட்டுக்குப் பவுண்டுக்கு 1 சென்டாக இருந்த வரி 2.2 சென்டானது. அன்றைய அமெரிக்காவுக்கு அந்தத் தகடு பெரும்பாலும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்தது. குவளை, பால் வாளி, காபிக் கெண்டி, பழம் அடைக்கும் டப்பா எல்லாம் அதில்தான். ஏழை வீட்டு அடுக்களைக்குப் பாதிப் பாத்திரம் தகரம் என்றே சொல்லலாம்.

அக்டோபர் 1ஆம் தேதி அதிபர் ஹாரிசன் கையெழுத்திட்டார். நவம்பர் 4இல் தேர்தல். இடையில் ஐந்து வாரங்கள்கூட இல்லை. அதற்குள் கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். ஏற்றாதவர்களும் ‘மெக்கின்லி வரி வரப்போகிறது, இப்போதே வாங்கிவிடுங்கள்’ என்று வாடிக்கையாளர்களை அவசரப்படுத்தினார்கள். மெக்கின்லியின் சொந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் தகரப் பாத்திர வியாபாரிகளைக் கிராமம் கிராமமாக அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் பாத்திரத்தைக் கடைபரப்பி, அநியாய விலை சொல்வார்கள். ஏன் இந்த விலை என்று வீட்டுப் பெண்கள் கேட்டால், மெக்கின்லி போட்ட வரிதான் அம்மா, நாங்கள் என்ன செய்வோம் என்பார்கள்.

தகரத்துக்கான புதிய வரி அப்போது அமலுக்கே வரவில்லை. அது 1891 ஜூலையில்தான் வந்தது. இன்னொரு பக்கம், அதே சட்டம் கச்சாச் சர்க்கரைக்கு இருந்த வரியை அடியோடு நீக்கியிருந்தது. மக்களுக்கு இனிப்பான செய்தி. ஆனால் அதுவும் 1891 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. கெட்டது முன்னே தெரிந்தது, நல்லது வாக்குப்பதிவுக்குப் பிறகு வந்தது. தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 332 இடங்களில் 90கூடத் தேறவில்லை. மெக்கின்லியே சுமார் 300 வாக்குகளில் தோற்றார். தொகுதி எல்லையை அவருக்குப் பாதகமாக மாற்றியமைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் நாடு முழுக்க விழுந்த அடிக்கு விலைதான் முதல் காரணம். பெண்களுக்கு அன்று அநேக மாநிலங்களில் வாக்குரிமை கிடையாது. அடுக்களையில் கேட்ட விலை, வாக்குச் சாவடிக்கு வீட்டு ஆண்கள் மூலமாகப் போய்ச் சேர்ந்தது.

பில்லில் ஏறாத வரியை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள் அந்தப் பாத்திர வியாபாரிகள். காட்டிய தொகை பொய். ஆனால் உண்மைத் தொகையை யாருமே காட்டாத இடத்தில் பொய்த் தொகைக்கு எவ்வளவு வலு இருக்கிறது பாருங்கள்.

மெக்கின்லி அதோடு ஒழிந்துபோகவில்லை. 1893இல் பெரும் பொருளாதார முடக்கம் வந்தது. ஆட்சியில் இருந்த ஜனநாயகக் கட்சி பழியைச் சுமந்தது. வேலை போன வீட்டில் தகரக் குவளையின் விலை இரண்டாம் பட்சமாகிவிட்டது. 1896 தேர்தலில் வென்று மெக்கின்லி அதிபரானார். 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோ கண்காட்சியில் பேசும்போது, பிற நாடுகளோடு பரஸ்பர வணிக ஒப்பந்தங்கள் வேண்டும், ஒதுங்கி வாழும் காலம் போய்விட்டது என்ற பொருளில் பேசினார். மறுநாள் சுடப்பட்டார். எட்டு நாளில் இறந்தார். டிரம்ப் புகழும் மெக்கின்லியில் அந்தக் கடைசிப் பேச்சு இல்லை.

இனி 2025க்கு வருவோம். 1890இல் தகரம் என்றால் இப்போது காபி. அமெரிக்கா குடிக்கும் காபியில் அந்த நாட்டில் விளைவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஹவாயிலும் போர்ட்டோ ரிகோவிலும் கொஞ்சம் விளையும், அவ்வளவுதான். ஆகவே டிரம்பின் புதிய இறக்குமதி வரி பாதுகாக்க அங்கே ஒரு தொழிலே இல்லை. ஆகஸ்ட்டில், காபி அனுப்பும் பிரேசில் மேல் 50 சதவீதம், வியட்நாம் மேல் 20 சதவீதம் என்று வரி வந்தது. அந்த மாதம் கடையில் காபி விலை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. வரி மட்டுமே காரணமில்லை. அதற்கு முன்பே வறட்சி விளைச்சலைக் கெடுத்திருந்தது. எவ்வளவு வறட்சி, எவ்வளவு வரி என்பது மறுபடியும் பில்லில் இல்லை.

நவம்பர் 4, 2025. வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஆளுநர் தேர்தல், நியூயார்க்கில் மேயர் தேர்தல். மூன்றிலும் ஜனநாயகக் கட்சி வென்றது. மூன்றிலும் பிரச்சாரத்தின் நடுப்புள்ளி வீட்டுச் செலவு. தேதி 1890இன் அதே தேதி என்பது தற்செயல். பத்தே நாளில், நவம்பர் 14 அன்று, காபி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி, தக்காளி, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றுக்கு வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. பிரேசிலுக்கான கூடுதல் வரியிலிருந்தும் சில நாளில் காபிக்கு விலக்கு வந்தது. வெளிநாட்டுக்காரன்தான் வரி கட்டுகிறான் என்றால், விலையைக் குறைக்க விலக்கு எதற்கு என்று எதிர்க்கட்சி கேட்டது. நியாயமான கேள்வி.

தினம் வாங்கும் பொருளுக்கு விலக்கு வந்துவிட்டது. எப்போதாவது வாங்கும் பொருள் அப்படியே நின்றது. துணியைப் பாருங்கள். டிரம்ப் வருவதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே அமெரிக்காவில் காஷ்மீர் ஆட்டு ரோம ஸ்வெட்டருக்கு வரி 4 சதவீதம். சாதாரணக் கம்பளி ஸ்வெட்டருக்கு 16. ஏழைகள் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32. இரு கட்சி ஆட்சியிலும் இதுதான் பட்டியல். குளிருக்கு மலிவான ஸ்வெட்டர் வாங்கும் தாய் தன் பிள்ளைக்காக, பணக்காரரைவிட எட்டு மடங்கு விகிதத்தில் வரி கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதை யாரும் சொன்னதில்லை.

பருத்தி டி-சர்ட்டுக்கு அந்தப் பட்டியலில் 16.5 சதவீதம். இதன் மேல்தான் 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களுக்கு மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி உட்கார்ந்தது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த பின்னலாடைக் கம்பெனிகளிடம், வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், தள்ளுபடி கொடுங்கள் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். மிக மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் அது. தள்ளுபடி கொடுத்தவர்கள் ஓவர்டைமைக் குறைத்தார்கள், கொடுக்க முடியாதவர்கள் ஆர்டரை இழந்தார்கள். நவம்பர் 14 விலக்குப் பட்டியலில் டி-சர்ட் இல்லை. ஒஹையோவில் அதை வாங்குபவருக்கும், திருப்பூரில் அதைத் தைப்பவருக்கும், அந்த வரியில் யார் எவ்வளவு கொடுத்தோம் என்று காட்டும் காகிதம் இரண்டு நாட்டிலும் எங்கும் அச்சாவதில்லை.

அடுத்த வாரம்: நம் வீட்டுச் சமையல் எண்ணெயும், பாமாயிலுக்கு டெல்லி ஏற்றி இறக்கும் இறக்குமதி வரியும்.

(தொடரும்)