மூச்சுக்கு உத்தரவு போடும் இடம்

உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் மூச்சை அடக்கிப் பாருங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். இருபது வரை சுலபமாகப் போகும். அப்புறம் நெஞ்சு முட்டும். உள்ளேயிருந்து ஒரு நெருக்குதல் வரும். வந்ததும் விட்டுவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

அந்த நெருக்குதலைக் கொடுத்தது உங்கள் நுரையீரல் இல்லை, மூளைத்தண்டு. மூளையும் முதுகுத்தண்டுவடமும் சேரும் இடத்தில், பிடரிக்கு நேர் உள்ளே அது இருக்கிறது. நீங்கள் மூச்சை அடக்கியபோது இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு கூடிக்கொண்டே போனது. அதை உணர்ந்த மூளைத்தண்டு, மூச்சை இழு என்று தசைகளுக்கு உத்தரவு போட்டது. நீங்கள் அயர்ந்து தூங்கும்போதும் இந்த உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இதயத்தின் கதை வேறு. அதற்கு மூளை உத்தரவு போடத் தேவையில்லை. இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறிய தசைத்திட்டு, தானாகவே மின்துடிப்பை உண்டாக்கிக்கொள்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் 1907-இல் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். மூளையால் இதயத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், அவ்வளவுதான். ஆக்சிஜன் கிடைக்கிற வரைக்கும் இதயம் தன்பாட்டுக்குத் துடிக்கும்.

மூச்சுக்கு உத்தரவு தேவை, இதயத் துடிப்புக்குத் தேவையில்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், பெரியவர்களையே குழப்புகிற ஒரு விஷயம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சாலை விபத்தில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் மூளைக்குள் இரத்தமே போக முடியாமல் போகிறது. மூளைத்தண்டும் செத்துவிடுகிறது. ஆனால் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வென்டிலேட்டர் என்ற இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் கிடைப்பதால் இதயம் துடிக்கிறது. கையைத் தொட்டால் கதகதப்பாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு 'உயிர் இருக்கிறதே!' என்றுதான் தோன்றும். யாருக்குத்தான் தோன்றாது? ஆனாலும் அவர் இறந்துவிட்டார். இதைத்தான் மூளைச்சாவு என்கிறார்கள். கோமா வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு உயிரோடு இருக்கலாம், அவர் கண் விழிக்கவும் வாய்ப்பு உண்டு. மூளைச்சாவு அடைந்தவர் திரும்பி வந்ததே இல்லை.

மருத்துவர்கள் இதை எப்படி உறுதி செய்கிறார்கள்? கண்ணில் விளக்கு அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணின் மேற்பரப்பை மெல்லத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவார்கள். மூளைத்தண்டு வேலை செய்தால் கண்கள் அசையும். கடைசியாகச் செய்வதுதான் முக்கியமான சோதனை. நீங்கள் சற்று முன் செய்ததுதான் அதுவும். முதலில் ஆக்சிஜனை நிறையக் கொடுத்துவிட்டு, வென்டிலேட்டரை நிறுத்துவார்கள். இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு ஏறும். மூளைத்தண்டு உயிரோடு இருந்தால், உங்களை நெருக்கிய மாதிரி அவரையும் நெருக்கி, ஒரு மூச்சாவது இழுக்க வைக்கும். நெஞ்சு அசையவே இல்லை என்றால் உத்தரவு போட அங்கே யாரும் இல்லை.

ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை இன்னொருவருக்குப் பொருத்த முடியும். அதனால் 1994-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. 'உறுப்பு தானம் செய்வதாகப் பதிந்துவிட்டால் ஒழுங்காக வைத்தியம் பார்க்க மாட்டார்களோ' என்று உங்கள் வீட்டில் யாராவது பயந்தால், இதை அவசியம் சொல்லுங்கள்.

நால்வரும் உறுதி செய்த பிறகு, குடும்பத்தாரிடம் உறுப்புகளைத் தானமாகத் தர விருப்பமா என்று கேட்பார்கள். மனித வாழ்க்கையில் இதைவிடக் கடினமான கேள்வி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையையோ கணவரையோ இழந்து நிற்கும் அந்த நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இயந்திரம் இருந்தாலும் உடல் அதிக நாள் தாங்காது. உடலிலிருந்து எடுத்த பிறகோ நேரம் இன்னும் குறைவு. குளிரூட்டி வைத்தாலும் இதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவன், பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அப்பா, அம்மா இருவரும் மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைத் தர அவர்கள் சம்மதித்தார்கள். அவனுடைய இதயம் சென்னையின் ஒரு மருத்துவமனையிலிருந்து முகப்பேரில் இருந்த இன்னொன்றுக்குப் போக வேண்டும். போலீசார் வழியெங்கும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 11 நிமிடங்களில் இதயம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றி வீட்டுக்கு வீடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஒருவரின் உறுப்பை யாருக்கு வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. நம் உடலின் எதிர்ப்புச் சக்தி வீட்டு நாயைப் போன்றது. தெரிந்தவர் வந்தால் வாலாட்டும், தெரியாதவர் வந்தால் பாயும். புதுச் சிறுநீரகத்தின் மேலும் அது பாயும். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே முதன்முதலாகச் சிறுநீரக மாற்றில் வெற்றி கண்டபோது, கொடுத்தவரும் பெற்றவரும் அச்சு அசலான இரட்டையர். அதனால் எதிர்ப்பே எழவில்லை. மற்றவர்களுக்கும் இது பரவலாகச் சாத்தியமானது, நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை எடுத்த பிறகுதான். இப்போதும் உறுப்பு பெற்றவர்கள் இப்படிப்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். இரத்த வகை, உடல் அளவு, நோயின் தீவிரம் எல்லாம் பார்த்துத்தான் யாருக்கு என்று முடிவாகும். நம் மாநிலத்தில் காத்திருப்போர் பட்டியலைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வைத்திருக்கிறது. பணம் கொடுத்து முந்த முடியாது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

குடும்பத்தாரிடம் கேட்கும் அந்தக் கடினமான கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதுதான் பதிவு. பதினெட்டு வயது நிரம்பிய யாரும் ஆணையத்தின் இணையதளத்திலோ, மத்திய அரசின் உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்திலோ 'என் உறுப்புகளைத் தரச் சம்மதம்' என்று பதியலாம். மனம் மாறினால் திரும்பப் பெறலாம். ஆனால் பதிந்த பிறகும் நம் நாட்டில் குடும்பத்தாரைக் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். ஆகவே, பதிந்ததை வீட்டில் சொல்லாமல் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. 'அவருக்கு இதில் விருப்பமா, இல்லையா?' என்று உறவினர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தவிக்க வேண்டியிருக்காது, அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தால். உங்களுக்கு வயது போதாது, நீங்கள் பதிய முடியாது. வீட்டில் பேச்சை எடுக்க வயது வரம்பு இல்லை. அப்பா அம்மா பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தையும் சொல்லுங்கள்.

கண் தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் வயதாகி இறந்த தாத்தா, பாட்டியும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாலும், கண்புரை அறுவை செய்திருந்தாலும் பரவாயில்லை. தேவைப்படுவது கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கார்னியா. அதில் இரத்தக் குழாய்களே இல்லை, காற்றிலிருந்து கண்ணீர் வழியாக ஆக்சிஜனைப் பெற்றுக்கொள்கிறது. அதனால்தான் மற்ற உறுப்புகளைப் போலன்றி, இதயம் நின்ற பிறகும் அதை எடுக்கச் சில மணி நேரம் அவகாசம் உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் சொன்னால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். தானம் எடுத்த பிறகும் முகம் பார்க்க முன்பு போலவே இருக்கும்.