இரண்டு சுவிட்ச் இருந்தால் போதுமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது, கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. ஆனால் அந்த மாவட்டத்தின் கெலிஓயாவில் ஒரு வைத்தியசாலையையோ வங்கிக் கிளையையோ முடக்கப் புயல் வேண்டியதில்லை; உள்ளேயுள்ள கணினிகளை வெளியுலகோடு இணைக்கும் பிரதான நெட்வொர்க் சுவிட்ச் சூடேறி அணைந்தாலே போதும். அதனால்தான் முக்கியமான இடங்களில் சுவிட்சுகளைச் சோடியாகப் பூட்டுகிறார்கள்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு சுவிட்ச் ஓடிக்கொண்டிருப்பது கணினிகளுக்குத் தெரியாது. வெளியே போகும் வாசலாக அவை ஒரே ஒரு முகவரியைத்தான் அறியும். இதற்குத் தீர்வாக 1998இல் வந்தது வி.ஆர்.ஆர்.பி. என்ற இணையத் தரநிலை. இரண்டு சுவிட்சுகளுக்கும் சொந்த முகவரி உண்டு. அதோடு இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது முகவரி ஒன்று. கணினிகளுக்குக் கொடுப்பது அந்த மூன்றாவதை. இரண்டில் ஒன்றான தலைமைச் சுவிட்ச் விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வராவிட்டால், மாற்றுச் சுவிட்ச் இன்னும் அரை விநாடிக்குச் சற்று அதிகமாகப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொது முகவரியைத் தானே ஏற்கும். வழக்கமான அமைப்பில் மொத்தம் 3.6 விநாடி. உடனே அது அனுப்பும் செய்தியைக் கேட்டு, கணினிகள் பூட்டியிருக்கும் கீழ்நிலைச் சுவிட்சுகள் தரவை எந்தப் பக்கம் திருப்புவது என்று திருத்திக்கொள்ளும். பாமசியில் பில் போடுபவருக்குத் திரை ஒரு கணம் தயங்கியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது பாதி பழுதில். தலைமைச் சுவிட்ச் நலமாக இருக்கும். அதிலிருந்து வெளியே போகும் ஃபைபர் மட்டும் மண்சரிவில் அறுந்திருக்கும். அது ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே, வரும் தரவையெல்லாம் வழியில்லாத இடத்தில் கொட்டும். வெளி இணைப்பைக் கண்காணித்து, அது போனால் தலைமை யாருக்கு என்று தீர்மானிக்கும் தன் முன்னுரிமை எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அமைக்காவிட்டால் இரண்டாவது சுவிட்ச் கடைசிவரை எழாது. இதற்கு நேர்மாறும் நடக்கும்: இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால், இரண்டுமே தலைமை ஏற்கும்.

சோடியாகப் பூட்டும்போது சேரும் மேலதிகக் கேபிள்கள், தரவு முடிவில்லாமல் சுற்றும் சுழல்பாதையாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்கும் முறையைக் கணினிப் பொறியாளர் ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கினார். அந்த முறையின் எல்லையை மீறி வலையமைப்பு வளர்ந்துவிட்டதால், 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை பல நாட்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் செருகி, ஒரே தெருவோரக் கேபிளில் வெளியே அனுப்புவது. ஒரே வழியை நம்பினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்திருக்கிறது: 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது, நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவு நின்றுபோயின.

ஆகவே, சோடி சுவிட்ச் பூட்டியிருப்பவர்கள் வேலை முடிந்த ஒரு மாலையில் தலைமைச் சுவிட்சின் பவர் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். மறுபடி செருகி, அடுத்து வெளி ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். இப்படிச் சோதித்துப் பார்க்காத மாற்று ஏற்பாட்டை நம்பி ஒரு வைத்தியசாலையை நடத்தாதீர்கள்.