சைக்கிள் சட்டகத்தின் கணக்கு

ஒரு சைக்கிளின் சட்டகத்தைச் செம்மையாக வரைந்து முடித்துவிட்டால், அதையே சற்றுச் சுருக்கிக் குட்டையானவருக்கும் சற்றுப் பெருக்கி நெட்டையானவருக்கும் கொடுத்துவிடலாம் என்று எண்ணுவது சகஜம். கணினித் திரையில் ஒரு சொடுக்கில் எந்த உருவத்தையும் சுருக்கவும் விரிக்கவும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில் அந்த எண்ணம் மேலும் பலப்பட்டிருக்கிறது. 56 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு ரோடு சைக்கிளின் சட்டகத்தை அப்படியே 48 சென்டிமீட்டராகச் சுருக்கிப் பார்ப்போம். கிராங்க் அச்சைத் தாங்கும் குழலின் அகலம் 68 மில்லிமீட்டரிலிருந்து 58 ஆகிவிடும். வழக்கமான பேரிங் அதில் பொருந்தாது. பின்சக்கரம் அமரும் 130 மில்லிமீட்டர் இடைவெளி 111 ஆகும். ஹப் உள்ளே நுழையாது. சீட் தண்டு செல்லும் துவாரம் 27.2-லிருந்து 23.3 ஆகும். 622 மில்லிமீட்டர் ரிம்முக்கென்று விட்ட இடமோ 533-க்குத்தான் போதும். பார்வைக்கு அழகான குட்டிச் சைக்கிள் ஒன்று திரையில் நிற்கும். ஒரு பாகத்தையும் அதில் பூட்ட முடியாது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் பாராமெட்ரிக் வரைவு முறை. கோட்டை வெறும் கோடாக வைக்காமல், "இது அதற்குச் செங்குத்து, இவ்விரண்டும் சம நீளம், இந்தக் கோணம் இத்தனை பாகை" என்ற நிபந்தனைகளோடு வைத்துவிட்டால், ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவையெல்லாம் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத் தாமே நகர்ந்துகொள்ளும் என்பது அதன் தத்துவம். 1963-ஆம் ஆண்டு எம்.ஐ.டி.யில் இவான் சதர்லேண்ட் என்ற மாணவர் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக எழுதிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலிலேயே இத்தத்துவம் உயிர்பெற்றுவிட்டது. ஆனால் அது தொழிற்சாலைகளின் அன்றாட உபயோகத்துக்கு வர, சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கணித அறிஞர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985-இல் நிறுவிய கம்பெனியின் 'புரோ எஞ்ஜினியர்' மென்பொருள் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று சாலிட்வொர்க்ஸில் எக்செல் அட்டவணை ஒன்றை இணைத்து, வரிசைக்கு ஓர் அளவாக 48, 50, 52 என்று எழுதிவிட்டால், அத்தனை சட்டகங்களும் ஒரே கோப்பிலிருந்து பிறந்துவிடுகின்றன.

பிறந்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் எப்படிப் பிறக்க வேண்டும் என்பதை அட்டவணை அறியாது. எந்த எண் மாற வேண்டும் என்று யோசிப்பதைக் காட்டிலும், எந்த எண் மாறவே கூடாது என்று நிர்ணயிப்பதில்தான் வரைபவரின் புத்தி வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். பேரிங்கும் ஹப்பும் சக்கரமும் கடைத்தெருவின் பிரமாணங்கள். அவற்றை நாம் மாற்றுவதற்கில்லை. கிராங்க் அச்சிலிருந்து, ஹேண்டில்பாரின் தண்டைத் தாங்கும் தலைக்குழலின் உச்சி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்பது ஓட்டுபவரின் தேகத்தைப் பொறுத்தது. மேற்குழலின் நீளம் முதலிய மற்றவை இவ்விரண்டுக்கும் நடுவே விளையும் பலன்கள். அவற்றுக்கு எண் கொடுக்காமல் விளையவிடுவதே முறை. பலனுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து நெருக்கினால், நிபந்தனைகள் மிகுந்துவிட்டன என்று மென்பொருள் முறையிடும்.

முன்சக்கரத்தின் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைக்குழலின் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது ஓரிடத்தில் தரையைத் தொடும். சக்கரம் தரையைத் தொடும் இடமோ அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளியை டிரெயில் என்பார்கள். வண்டி நேராக ஓடுவதிலும் கைக்கு இணங்கித் திரும்புவதிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. டயரோடு சேர்ந்த சக்கரத்தின் ஆரம் 340 மில்லிமீட்டர், தலைக்குழல் தரையோடு கொள்ளும் கோணம் 73 பாகை, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முன்னோக்கித் தள்ளியிருக்கும் தூரம் 45 மில்லிமீட்டர் என்றால் டிரெயில் சுமார் 57 மில்லிமீட்டர் வரும். இப்போது குட்டையானவருக்காக ஹேண்டில்பாரை அருகே கொண்டுவருகிறோம். அதோடு சக்கரமும் பின்னால் வந்தால், திரும்பும்போது பெடலில் இருக்கும் கால்விரல் டயரில் இடிக்கும். காலைப் பிணைக்கும் கிளிப் இல்லாத சைக்கிளில் பெடலுக்கும் டயருக்கும் குறைந்தது 89 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே உண்டு. ஆகவே சக்கரத்தை முன்னாலேயே நிறுத்துவதற்காகத் தலைக்குழலை 71 பாகைக்குச் சாய்க்கிறார்கள். உடனே டிரெயில் 57-லிருந்து ஏறக்குறைய 70-க்கு உயர்ந்துவிடுகிறது. அதே பெயரில் விற்கப்படும் சைக்கிள், சிறிய அளவில் கைக்குக் கனமாகத் திரும்புகிறது. ஃபோர்க்கின் 45 மில்லிமீட்டரை 57 ஆக்கினால் பழைய குணம் திரும்பிவிடும், சக்கரமும் இன்னும் சற்று முன்னால் போகும். ஆனால் வேறு ஃபோர்க் என்றால் வேறு வார்ப்பச்சு, வேறு செலவு. அட்டவணையின் அந்த ஒரு நெடுவரிசையில் எல்லா வரிசைகளுக்கும் 45 என்றே எழுதிவிடும் சிக்கனத்தைப் பலரும் கைக்கொள்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் பாரத்தைச் சுமப்பவர், எப்போதும் சிறிய அளவை வாங்குபவரே.

சீட் குழலை நிமிர்த்துவது இன்னொரு தந்திரம். சீட் 700 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒரு பாகை நிமிர்த்தினால் அது சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் வரும். விளம்பரத் தாளில் மேற்குழல் அவ்வளவு குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஹேண்டில்பாரோ கிராங்கிலிருந்து முன்பிருந்த தூரத்திலேயே நிற்கும்.

மென்பொருளுக்கும் அதற்கே உரிய விபரீதங்கள் உண்டு. கிராங்க் அச்சிலிருந்து பின்னச்சு 410 மில்லிமீட்டர் தூரத்தில், 70 மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் மட்டும் கொடுத்தோமானால், கணிதப்படி அதற்கு இரண்டு விடைகள்: 404 மில்லிமீட்டர் பின்னால் ஒன்று, அதே தூரம் முன்னால் மற்றொன்று. அளவுகளைச் சட்டென்று மாற்றும்போது மென்பொருள் சில வேளைகளில் இரண்டாவது விடையைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் கிராங்குக்கு முன்னால் போய் நிற்கும். அதன் கணக்கில் பிழையே இல்லை. பின்சக்கரம் பின்னால் இருக்க வேண்டும் என்று நாம்தான் சொல்லவில்லை! இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியது. மிகச் சிறிய அளவில் தலைக்குழல் குறுகி, மேற்குழலும் கீழ்க்குழலும் அதன்மேல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வெல்டிங் வைக்க இடமில்லாமல் போவதோ, திரையில் உன்னிப்பாகப் பார்க்காவிட்டால் பட்டறையில்தான் தெரியவரும்.

குழல்களின் பருமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருவம் பெரிதாகும்போது எலும்பு அதே விகிதத்தில் பருத்தால் போதாது, விகிதம் மீறிப் பருக்க வேண்டும் என்று கலிலியோ 1638-இல் வெளியான நூலில் படம் போட்டே விளக்கியிருக்கிறார். மெல்லிய சுவருள்ள குழலின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு உயர்வதால், நெடிய சட்டகத்துக்குக் கீழ்க்குழலை 28.6-லிருந்து 31.8 மில்லிமீட்டராக்கினாலே, அதே சுவர்க் கனத்தில் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஒரே குழலை எல்லா அளவுக்கும் வெட்டிப் போட்டால், குட்டையானவர் தேவைக்கு மீறி விறைத்த சட்டகத்தையும், நெட்டையானவர் நெளியும் சட்டகத்தையும் பெறுவார்கள்.

மாறாதது என்று நாம் வைத்துவிட்ட எண்ணையும் ஒருமுறை சந்தேகிக்கலாம் என்பதற்கு ஜார்ஜினா டெர்ரி நல்ல உதாரணம். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளரான இவர், 1985-இல் சைக்கிள் கம்பெனி தொடங்கியபோது, உயரம் குறைந்த பெண்களுக்கான சட்டகத்தில் பின்சக்கரத்தை வழக்கமான அளவிலேயே விட்டுவிட்டு, முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகக் குறைத்தார். விரல் இடிப்பதும், தலைக்குழலை அளவுக்கு மீறிச் சாய்ப்பதும் ஒருங்கே தீர்ந்தன. இரண்டு அளவு டியூப் வைத்துக்கொள்ள வேண்டிய தொல்லை மட்டும் மிஞ்சியது. இடித்துக்கொள்ளும் விரலைவிட அது மேல்.

இத்தகைய அட்டவணை தயாரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நடு வரிசை எப்போதும் சரியாகவே வரும், ஏனெனில் அதை வைத்துத்தான் வரைந்தீர்கள்; முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் முதலில் திறந்து பாருங்கள்.