மடிக்கணினி மந்தமாவது ஏன்?

காய்ச்சல் கண்ட ஒருவர் மருத்துவரிடம் சென்றால், அவர் உடனே மருந்தை எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. நாடியைப் பார்க்கிறார், நாவை நீட்டச் சொல்கிறார், எப்போது தொடங்கியது என்று வினவுகிறார். காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பதை அவர் அறிவார். மடிக்கணினி மெதுவாக இயங்குவதும் அத்தகைய ஓர் அறிகுறிதான். ஆயினும், கணினி மந்தமானவுடன் நாம் என்ன செய்கிறோம்? ‘வைரஸ் புகுந்துவிட்டது’ என்கிறார் ஒருவர். ‘பழையதாகிவிட்டது, தூக்கி எறியுங்கள்’ என்கிறார் மற்றொருவர். நோயை அறியுமுன்னரே மருந்தைத் தேடுகிறோம். இந்தப் பிழையை நானும் செய்தவன்தான். அதைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் அண்டை வீட்டில் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் மாலை தன் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு வந்தாள். “பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் இது திறந்தபாடில்லை, மாமா. இதன் ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்” என்றாள். அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வறிக்கை முழுவதும் அதனுள் இருந்தது. ஒப்படைக்க இரண்டே வாரங்கள். புதியது வாங்குவதற்காக அவளுடைய தாயார் தம் வளையல்களை அடகு வைக்க எண்ணியிருந்தார்.

நான் அன்று மாலை முழுவதையும் வீணாக்கினேன். பழைய படங்களை அழித்தேன். பயன்படாத நிரல்களை நீக்கினேன். விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். கணினியோ முன்போலவே ஊர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மந்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் கேட்கவேயில்லை!

அந்தக் கேள்விக்கு விடை காண, கணினியின் உள்ளே நடைபெறும் வேலையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் கணக்கரை எண்ணிப் பாருங்கள். கணக்குப் போடுபவர் அவர். அவர்முன் ஒரு மேசை; வேலைக்கு வேண்டிய பேரேடுகள் அதன்மேல் விரிந்து கிடக்கின்றன. மற்ற பேரேடுகள் யாவும் தொலைவில் உள்ள ஆவண அறையில் அடுக்கப்பட்டுள்ளன. கணினியில் கணக்கராக இருப்பது பிராசஸர் என வழங்கும் மையச் செயலகம். மேசையாக இருப்பது ராம் என வழங்கும் நினைவகம். ஆவண அறையாக இருப்பது ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு.

இம்மூன்றின் வேகமும் ஒன்றன்று. சாதாரண மடிக்கணினியின் மையச் செயலகம் வினாடிக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளுடன் இயங்குகிறது. வன்தட்டு என்பதோ உண்மையிலேயே சுழலும் ஒரு தட்டு. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய செய்தி தன்கீழ் வரும்வரை காத்திருந்து படிக்கிறது. இவ்வாறு ஒரு செய்தியைத் தேடி எடுக்க ஏறத்தாழ 15 மில்லி வினாடி ஆகும். அற்ப நேரம் என்று எண்ணுகிறீர்களா? அதற்குள் மையச் செயலகம் 3 கோடி முறை துடித்துவிடுகிறது!

வேறு விதமாகச் சொல்கிறேன். மேசைமேல் உள்ள ஏட்டைக் கணக்கர் எடுக்க ஒரு வினாடி ஆகிறதென்று கொள்வோம். அதே அளவுகோலில், ஆவண அறைக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும். கணக்கர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், அறைக்குப் போனவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இந்த வேற்றுமை எங்ஙனம் வந்தது? 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. 50 பெரிய தட்டுகளைக் கொண்டிருந்தும் அதில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. ஒரு செய்தியை எடுக்க அதற்கு ஏறத்தாழ 600 மில்லி வினாடி ஆயிற்று. பின்னர் தட்டின் கொள்ளளவு பன்மடங்கு பெருகியது. தேடும் வேகமோ சில பத்து மடங்குதான் கூடியது. சுழலும் பொருளும் நகரும் கையும் ஓர் எல்லைக்குமேல் விரையமாட்டா அல்லவா? கணக்கர் மின்னலாகிவிட்டார், ஏடு கொண்டுவருபவன் மட்டும் நடந்தே வருகிறான்.

மேசை சிறிதாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. புதிய ஏட்டை விரிக்க இடமில்லாதபோது, ஒன்றை ஆவண அறைக்கு அனுப்பிவிட்டு மற்றொன்றை வரவழைக்க வேண்டும். அடுத்த கணமே அனுப்பியது வேண்டியிருக்கும். ஏடுகள் போவதும் வருவதுமே வேலையாகி, கணக்கு நடவாது நின்றுவிடும். இந்நிலையைப் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியை நொந்துகொள்பவர் பலரும் இந்நிலையில் சிக்கியவர்களே.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கணினியில் எது, எதற்காகக் காத்திருக்கிறது? விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பட்டியல் தோன்றும். மையச் செயலகம், நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதை அது காட்டும். நாடி பார்ப்பது இதுவே.

மறுநாள் அதைத் திறந்து பார்த்தோம். மையச் செயலகம் 9 விழுக்காடு; நினைவகம் 88; தட்டு 100. தட்டுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. மேசை நிரம்பியதனாலேயே ஆவண அறைக்கு ஓட்டம் மிகுந்திருக்கலாம். எனவே திறந்திருந்த நிரல்களையெல்லாம் மூடச் சொன்னேன். நினைவகம் 55-க்கு இறங்கிற்று. தட்டோ 100-லேயே நின்றது. அது விடையளிக்கும் நேரத்தைப் பார்த்தோம். சில மில்லி வினாடிகளாக இருக்க வேண்டியது ஆயிரத்தையும் கடந்திருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய ‘டிக், டிக்’ என்னும் ஒலி. தட்டின் பரப்பு பழுதுபட்டு, ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்றுகொண்டிருந்தது. எந்நேரமும் அது அடியோடு நின்றுவிடலாம். முதல்நாள் நான் காரணம் அறியாமல் அதை உழைக்க வைத்த ஒவ்வொரு மணியும் அவளுடைய அறிக்கைக்கு ஆபத்தாக இருந்தது என்பதை எண்ணியபோது என் நெஞ்சு திடுக்கிட்டது.

முதல் வேலையாக அறிக்கையை ஒரு பென் டிரைவில் படியெடுத்தோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னர், பழுதான தட்டை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத சேமிப்பகத்தைப் பொருத்தினோம். நான் சொன்ன அளவுகோலில், 40 மணி நேரப் பயணம் இதில் கால் மணி நேரம் அளவாகக் குறைந்துவிடும். விண்டோஸைப் புதிதாக நிறுவியபின், கணினி அரை நிமிடத்திற்குள் திறந்தது. செலவோ புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே.

எல்லா மந்தத்திற்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. நினைவகம் நிரம்பியிருந்தால், தொடக்கத்திலேயே தாமாக எழும் நிரல்களை நிறுத்தலாம். இயலுமாயின் நினைவகத்தைக் கூட்டலாம். அறியாத நிரலொன்று மையச் செயலகத்தை ஓயாது உழைக்கச் செய்தால், தீங்குநிரல் உள்ளதா என்று சோதிக்கலாம். அடிப்பக்கம் கொதித்தால் காற்றுவழியைத் தூய்மை செய்யலாம். வெப்பம் மிகும்போது மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று: விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பழைய நிலையின் ஒரு பகுதி பெரும்பாலும் சேமித்து வைக்கப்படுகிறது, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முற்றிலும் புதிதாகத் தொடங்கும். முதலில் அதைச் செய்து பார்ப்பது நன்று. இவற்றிற்கெல்லாம் முன்பாக, இழக்கலாகாத ஏடுகளுக்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.

அந்த மாணவி தன் அறிக்கையை உரிய நாளில் ஒப்படைத்துவிட்டாள். செய்தி சொல்ல அவளுடைய தாயார் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். வளையல்கள் அவர் கையிலேயே இருந்தன.